துருப்பிடித்த பழைய காரில் முதலில் எங்கே கை வைப்பது?

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், மாட்டுக் கொட்டகையின் ஓரமாகப் பதினாறு ஆண்டுகள் அசையாமல் நின்ற பத்மினி கார் இப்போது என் மச்சான் மகனின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு வண்டி. அவனுடைய அப்பாரு, அதாவது என் மாமனார், ஆசை ஆசையாக வைத்திருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்து வந்ததும் அதில்தான். மேலே வைக்கோலும் தேங்காய் மட்டையும் குவிந்து, நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகிக் கிடந்த வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு அவன் கேட்டான்: “எதிலிருந்துங்க மாமா ஆரம்பிக்கட்டும்?”

அவனிடம் ஏற்கெனவே நான்கு பதில்கள் இருந்தன. என்ஜினை ஓட வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது பெயிண்டரின் கருத்து. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் கடைசி நட்டு வரை கழற்றிப் போடச் சொன்னான். அவனுடைய அம்மா மட்டும், “எலி நாறும் அந்த சீட்டை முதலில் வெளியே எடு சாமி” என்றார்.

ஒரு அம்பாசிடரையும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் இப்படி மீட்டுக் கொண்டுவந்தவன் நான். ஒன்றில் தவறான முனையில் தொடங்கினேன், மற்றதில் சரியான முனையில். அதனால் இந்த நான்கையும் நிறுத்துப் பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். இந்த வேலையை முதலில் முடித்தால், பின்னால் வரும் வேலை இதைக் கெடுக்குமா? இதற்கான ஆளும் பட்டறையும் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்குமா, தேடித்தான் பிடிக்க வேண்டுமா?

முதலில் என்ஜின். இதில் இருக்கும் ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினாறு ஆண்டு மௌனமாக இருந்த 1,089 சிசி என்ஜின் ஒரு இருமல் இருமிப் புகை கக்கி ஓடத் தொடங்கும் நிமிடத்துக்கு ஈடு கிடையாது. வீட்டில் சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் அன்று வண்டியைச் சுற்றி நிற்பார்கள். செலவுக்கு மனம் இளகும். ஓடுகிற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதும் எளிது. பெரியப்பாவின் அம்பாசிடரில் நான் இப்படித்தான் தொடங்கினேன். சிலிண்டருக்குப் போர் போட்டு (அதாவது உட்சுவரைக் கடைந்து), பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, ஹெட்டைத் தேய்த்து, கார்ப்ரேட்டரைக் கழுவி, புதிதாக ஒயரிங்கும் இழுத்து மாரியம்மன் கோயில் வரை ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் பஞ்சர். ஜாக்கியை வைத்துத் தூக்கியபோது வண்டி எழவில்லை. கதவுக்கடியில் ஓடும் படிதான் நொறுங்கி, ஜாக்கி உள்ளே புகுந்தது. மேலே பளபளவென்று பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பசை) போட்டு மூடியிருந்த இடத்துக்குள் இரும்பே இல்லை. அதற்குப் பிறகு வெல்டிங்குக்காக பெட்ரோல் டேங்கை இறக்கி, சீட்டையும் விரிப்பையும் எடுத்து, நான் இழுத்த ஒயரிங்கைத் தீப்பொறி கருக்கிவிடுமே என்று அதையும் உருவி, என்ஜினைத் திரும்பக் கிரேனில் தொங்கவிட்டேன். ஆறு மாத உழைப்பை நானே பிரித்துப்போட்ட நாட்கள் அவை.

ஆக, என்ஜின் முதல் கேள்வியில் தோற்கிறது. இரண்டாவது கேள்வியிலும் அது முதலிடத்துக்கு வரவில்லை, அதற்குக் காரணம் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்தின் பெருமைதான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு வாழ்ந்த மண் இது. பம்புசெட்டும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் வார்த்துக் கடைந்து பழகிய கைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கிராங்க் தேய்க்க வேண்டுமா, போர் போட வேண்டுமா, கிடைக்காத ஒரு புஷ்ஷைக் கடைந்து எடுக்க வேண்டுமா, இன்றைக்கும் நடக்கும், மூன்று வருடம் கழித்தும் நடக்கும். வளைந்த மட்கார்டைச் சுத்தியலும் டோலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) கொண்டு தட்டி எடுக்கத் தெரிந்த பழைய டிங்கர்களின் நிலை அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதில்லை. இன்றைய கார்களுக்கு நசுங்கிய பாகத்தைக் கழற்றிப் புதிதை மாட்டுவதுதான் வேலை. அரிதாகிக்கொண்டிருக்கும் கையை முதலில் பிடிக்க வேண்டும். லேத் எங்கேயும் போய்விடாது.

அதற்காக என்ஜினைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. அது இன்னும் கெடாமல் காப்பாற்றி வைப்பது முதல் வாரத்து வேலை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊற விட்டு, முன்புறக் கப்பியில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. செல்ஃப் அடித்தோ, கியரில் போட்டுத் தள்ளியோ விடுவித்தால் ஒட்டிய ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். சுற்றிவிட்டால் அதுவே போதும். பிளக்கை மாட்டி மூடிவிடலாம். ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் நம் பக்கத்து வண்டிகளுக்கே உரிய ஒரு காட்சி கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றியதால் சுண்ணாம்பு படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். அதை இப்போது குறித்துக்கொண்டால் போதும்.

பெயிண்டரின் வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. துருவின் மேல் பட்டி போட்டு வண்ணம் அடிப்பது, புண்ணின் மேல் பட்டு கட்டுவது. பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஐப்பசி மழைக்குள் கொப்புளம் எழும். பழைய வண்டியை வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் மட்கார்டிலும் கதவின் அடியிலும் படியிலும் வைத்துப் பார்க்கட்டும். ஒட்டாத இடத்தில் எல்லாம் இப்படி ஒரு பெயிண்டர் முன்பே வந்து போயிருக்கிறார்.

முழுவதையும் பிரித்துப் போடுவது என்ற வழிதான் கடினமான போட்டி. தரமான வேலை என்றால் இதுதான். எந்தத் துருவும் ஒளிய இடமில்லை. ஆனால் எந்தக் கார் என்பதைப் பொறுத்தே இது நல்ல யோசனையா என்று தீர்மானிக்க முடியும். ஹெரால்டுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த அந்த வண்டியின் கூடு, அதாவது பாடி, போல்ட்டுகளால் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, ஆறேழு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சட்டத்தை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடிந்தது. பத்மினியும் அம்பாசிடரும் அப்படி அல்ல. அவற்றில் கூடுதான் சட்டம். தரைத் தகடும் படியும் தூண்களும் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. கதவு, கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துருவேறிய படியையும் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மாட்டும்போது மேலே ஒரு விரல் இடைவெளியும் கீழே உரசலுமாக நிற்கும். அந்தக் கோணலை நேராக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

இன்னொரு காரணம் மனிதர்களைப் பற்றியது. முழுவதும் பிரித்த வண்டிகள் பல திரும்ப ஒன்றுசேர்வதே இல்லை. சாக்கு மூட்டைகளில் நட்டும் கைப்பிடியும் குரோமியப் பட்டையும் கலந்து கிடக்கும். வேலை மாறும், கல்யாணம் வரும், கிணறு வற்றும், கை நிற்கும். நான்கு ஆண்டு கழித்து எந்த போல்ட் எங்கே போகும் என்று யாருக்கும் நினைவிருக்காது. கடைசியில் அந்த மூட்டைகள் எடைக்குப் போகும். எலி தின்ற வண்டியைக்கூட மீட்டுவிடலாம். மூட்டை கட்டிய வண்டியை மீட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியானால் நான் சொல்வது எது? அடித்தரை. கதவுக்கடிப் படி, காலடித் தகடு, டிக்கியின் தரை, சக்கர வளைவின் உட்புறம், பேட்டரி உட்காரும் தட்டு. கூட்டை நேராக நிறுத்தும் பாகங்களில் தொடங்கி, அவை உறுதியானபின் மேலே ஏற வேண்டும். வண்டி முழுவதையும் அல்ல, இந்தப் பாகங்களுக்கு வழிவிடும் அளவுக்கு மட்டும் பிரித்தால் போதும். அதற்கு முதலில் எடுக்க வேண்டியவை சீட்டும் தரை விரிப்பும். நால்வரில் சரியான முதல் அடியைச் சொன்னவர் அவனுடைய அம்மாதான்.

விரிப்பை எடுத்ததும் தெரிய வந்ததைச் சொல்கிறேன். நம் பக்கம் கடற்கரை இல்லை, மழையும் குறைவு, அதனால் வண்டி துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெளித்தகட்டுக்கு அது ஓரளவு உண்மை. உள்ளே வேறு கதை. தென்னை நார் மிதியடியை காரின் தரையில் போடுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். அது ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தைத் தாங்கி நிற்கும். உப்புச் சுவை ஏறிய போர் தண்ணீரால் கழுவிய வண்டியில், தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் அந்த உப்பு தங்கிவிடும். கொட்டகையில் நின்ற வண்டிக்கு மாட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் இடம் அப்பளம் போல உப்பி வெடிக்கிறது. வெளியில் ஒரு மிளகளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பழைய ஸ்குரூ டிரைவரின் நுனியால் விரல்கடை விட்டு விரல்கடை குத்திப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்று திருப்பி அடிக்கும். கெட்டது ‘பொத்’ என்று உள்வாங்கும். குத்திய இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். எல்லாவற்றுக்கும் படம் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஆகும், காசு செலவே இல்லை. ஆனால் இந்த வண்டியை எடுப்பதா விடுவதா என்ற உண்மையான தீர்ப்பு இந்த வாரத்தில்தான் கிடைக்கும்.

அடுத்து வெட்டு. வெட்டுவதற்கு முன் கதவுகள் மாட்டியிருக்கும்போதே இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கதவு வாய்க்குக் குறுக்கே இரும்புக் குழாயோ ஆங்கிளோ வைத்துப் பற்றவைத்து, கூட்டைப் பூட்டிவிட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். தரைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் தகடு. மேல் பாகங்களுக்கு 20 கேஜ். கெட்ட இரும்பைச் சுற்றி நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். துருவின் மேல் தகடு ஒட்டுவது பெயிண்டரின் பட்டியைவிட மேலானது அல்ல. காஸ் வெல்டிங்கின் சூடு மெல்லிய தகட்டை நெளித்துவிடும். மின்சாரத்தில் மெல்லிய கம்பியை உருக்கிச் சேர்க்கும் மிக் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக, இங்கொன்று அங்கொன்று, ஆறவிட்டு ஆறவிட்டு வைத்துச் சேர்ப்பதே நல்லது. பக்கத்தில் பெட்ரோல் டேங்கோ குழாயோ இருக்கவே கூடாது.

இந்தத் தரை வேலைக்கு ஆள் கிடைப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் பாடி கட்டுகிறவர்கள் தகட்டோடும் சட்டத்தோடும் வாழ்கிறவர்கள். தட்டையான தரையும் மடித்த படியும் அவர்களுக்குப் பழகிய வேலை. வளைந்த மட்கார்டை மட்டும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம். அதற்காகத்தான் அந்த எழுபது வயது டிங்கரை இப்போதே போய்ப் பார்த்து நாள் கேட்டு வைக்கச் சொல்கிறேன்.

துருவை எடுக்கும் முறைகளிலும் தேர்வு உண்டு. வார்ப்படப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் மணல் அடித்துத் தருகிறோம் என்பார்கள். சக்கரம், சஸ்பென்ஷன் கைகள் போன்ற தடித்த இரும்புக்கு அருமையான வழி. பானட், கதவு போன்ற அகன்ற மெல்லிய தகட்டில் அடித்தால் நெளிந்து அலையாகிவிடும். சின்னப் பாகங்களுக்கு வீட்டிலேயே மின்பகுப்பு செய்யலாம்: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்தில், நேர்முனை ஒரு சாதாரண இரும்புத் துண்டில். எவர்சில்வர் துண்டை அங்கே வைக்கக் கூடாது. நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எட்டாத இடுக்குகளுக்கு டானிக் அமிலம் கலந்த துரு மாற்றி இருக்கிறது. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுத்துப்போவதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். கடுக்காயில் இருப்பதும் அதே டானின் வகைதான். அது துருவோடு சேர்ந்து கறுப்பான நிலைத்த படலமாகிறது. ஆனால் அது ஓட்டையை அடைக்காது, மெலிந்த தகட்டைத் தடிமனாக்காது. எந்த முறையானாலும் கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துக் கழுவி, துடைத்து, அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி ஈரக்காற்றில் விட்டால் காலையில் செம்மை பூத்திருக்கும். தை பிறந்து வெயில் ஏறும் மாதங்களில் இதை வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் வெட்டாமல் இருப்பது உத்தமம்.

தரை முடிந்ததும் பிரேக், அதன் பிறகே என்ஜின். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி முக்கியம். நின்றுபோன வண்டியில் வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் குழாய்களையும் அப்படியே. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர் அதைத் தாங்குவதில்லை. ஒயரிங், வண்ணம், சீட் எல்லாம் அதற்குப் பிறகு, அந்த வரிசையிலேயே.

என் தீர்ப்பை நானே மாற்றிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஹெரால்டு என்றால் கூட்டைத் தூக்கிச் சட்டத்தில் தொடங்குவேன். தரை நன்றாக இருந்து துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால் நேராக பிரேக்குக்குப் போய், ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்வேன். என்ஜின் பிளாக்கில் விரிசல் என்று தெரிந்தால், வேறொரு பிளாக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே தகட்டில் கை வைப்பேன்.

ஆவணம் சரியில்லை என்றால் எல்லாவற்றுக்கும் முன் அதுதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண் இருக்கும் தகட்டைத் துரு என்று நினைத்து யாரும் வெட்டிவிடாமல் முன்பே சுற்றிக் கோடு போட்டு வைக்க வேண்டும். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அடிச்சட்டத்திலும் கூட்டிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்ட முடியாது. எங்கள் பத்மினிக்கு அந்த வயது 2028இல் வருகிறது. மைலேஜுக்காக டீசல் என்ஜினைப் பொருத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் உறுதியாக மறுத்ததற்கு இதுவும் காரணம். அந்த என்ஜினின் சத்தத்தோடுதான் என் மனைவி அந்தக் காரை நினைவில் வைத்திருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இத்தனையும் கேட்டுவிட்டு அவன் மெக்கானிக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தேதியை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறான். சீட்டுகள் வெளியே வந்துவிட்டன. அடியில் எலி சேர்த்து வைத்த நிலக்கடலைத் தோலோடு, மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றும் கிடைத்தது. நேற்று மாலை வரை வலப்பக்கத்தில் பதினொரு சாக்பீஸ் வட்டங்கள். இடப்பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.